பல்லை வைத்துச் செய்த கருவிழி: வருஷங்கள் கழித்து வரும் சிக்கல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓ.ஓ.கே.பி. எனப்படும் பல்-எலும்பு செயற்கைக் கருவிழி ஆபரேஷன் முடிந்து, பார்வையும் வந்து, வீடு திரும்பியவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. ஆபரேஷனுக்கு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவும். முதல் இரண்டு மூன்று பதில்கள் விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு. தெரிந்தவர்கள் நேரே நான்காவது கேள்விக்குப் போய்விடலாம்.

கண்ணுக்குள் பல்லா? நிஜமாகவா?

நிஜம்தான். நோயாளியின் சொந்தக் கோரைப்பல்லை வேரோடும், அதை ஒட்டியிருக்கும் தாடை எலும்போடும் சேர்த்து எடுக்கிறார்கள். அதைச் சீவி, சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தகடாக்குகிறார்கள். தகட்டின் நடுவே துளை போட்டு, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் உருளை ஒன்றைச் செருகி ஒட்டுகிறார்கள். அந்த உருளைதான் இனிமேல் கண்ணின் ஜன்னல்.

இந்தத் தகட்டை உடனே கண்ணில் வைப்பதில்லை. பெரும்பாலும் மற்றக் கண்ணின் கீழே, தோலுக்கு அடியில் ஒரு பை போலச் செய்து இரண்டு முதல் நான்கு மாதம் பதித்து வைக்கிறார்கள். அதற்குள் தகட்டைச் சுற்றி சதையும் ரத்தக் குழாய்களும் வளர்ந்துவிடும். பார்வை தரப்போகும் கண்ணின் மேற்பரப்பில் கன்னத்தின் உட்பக்கச் சவ்வை எடுத்து முன்பே ஒட்டியிருப்பார்கள். கடைசிக் கட்டத்தில் அந்தச் சவ்வைத் தூக்கி, கருவிழியில் துளையிட்டு, உள்ளே இருக்கும் லென்ஸையும் ஐரிஸ் எனப்படும் வண்ணப் படலத்தையும் எடுத்துவிட்டு, தகட்டைத் தைத்து, சவ்வை மறுபடி மூடுவார்கள். உருளையின் முனை மட்டும் வெளியே தெரியும்.

ரோமைச் சேர்ந்த பெனடெட்டோ ஸ்ட்ராம்பெல்லி 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. அதே ஊரின் ஜியான்கார்லோ ஃபால்சினெல்லி இதைத் திருத்தி மேம்படுத்தினார். இன்று உலகமெங்கும் செய்வது அந்தத் திருத்திய வடிவத்தைத்தான். சென்னை சங்கர நேத்ராலயாவில் 2003 முதல் செய்கிறார்கள். கனடாவில் முதல் ஆபரேஷன் 2025இல்தான், வான்கூவரில் நடந்தது. அந்தச் செய்தி வந்தபோது நம்மூர் வாட்ஸாப் குழுக்களில் பலர் அதிசயமாகப் பகிர்ந்தார்கள். அதற்கு இருபது வருஷம் முன்பே நம் ஊரில் செய்துகொண்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியவில்லை.

கண் தானத்தில் கிடைக்கும் கருவிழியை வைத்தால் போதாதா?

கண்ணின் மேற்பரப்பு நன்றாக இருந்தால் போதும். ஆனால் இந்த ஆபரேஷனுக்கு வருபவர்களின் கண் அப்படி இருக்காது. மாத்திரை ஒவ்வாமல் உடம்பெல்லாம் தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்து போனவர்கள், ஆசிட் அல்லது சுண்ணாம்பு கண்ணில் பட்டவர்கள், சவ்வு சுருங்கி இமையும் விழியும் ஒட்டிப்போனவர்கள் என்று இவர்களுக்குக் கண்ணீரே சுரக்காது, மேல்தோல் உலர்ந்து தோல் மாதிரி ஆகியிருக்கும். அங்கே தானக் கருவிழி வைத்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும். சாதாரண செயற்கைக் கருவிழியும் வறண்ட கண்ணில் நிற்காது.

அப்படியென்றால் பிளாஸ்டிக் உருளையைத் தனியாகத் தைத்துவிடலாமே? பல் எதற்கு?

பிளாஸ்டிக்கை உடம்பு சொந்தமாக ஏற்றுக்கொள்வதில்லை, சுற்றியிருக்கும் சதையைக் கரைத்து வெளியே தள்ளப் பார்க்கும். நடுவில் உயிருள்ள ஒரு சட்டம் இருந்தால்தான் தாங்கும். பல்லின் உட்பகுதி கெட்டியாக இருப்பதால் உருளையைப் பிடித்துக்கொள்கிறது. எலும்பு சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்கிறது. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய நார்த்திசு எலும்பு உயிரோடு இருக்க உதவுகிறது. அதனால்தான் பல்லை மட்டும் பிடுங்காமல் எலும்போடு எடுக்கிறார்கள். சொந்தப் பல் என்பதால் உடம்பு நிராகரிக்கும் பயமும் இல்லை.

உயிருள்ள சட்டம் என்பதுதான் இதன் பலம். பின்னால் வரும் தொல்லைக்கும் அதுவே வழி. உயிருள்ள எலும்பு கரையவும் செய்யும்.

எத்தனை வருஷம் தாங்கும்?

இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். தகடு எத்தனை வருஷம் கண்ணில் நிற்கும்? பார்வை எத்தனை வருஷம் நிற்கும்? இரண்டும் ஒன்றல்ல.

ஃபால்சினெல்லி குழு 181 பேரைப் பல வருஷம் கவனித்து 2005இல் வெளியிட்ட கணக்கில், 18 வருஷம் கழித்தும் தகடு அப்படியே இருப்பதற்கான வாய்ப்பு 85 சதவீதம். செயற்கைக் கருவிழி எதற்கும் இது பெரிய எண். ஆனால் அதே கணக்கில், 18 வருஷம் கழித்துப் பயனுள்ள பார்வை நிற்பதற்கான வாய்ப்பு சுமார் 55 சதவீதம்தான். அந்த முப்பது சதவீத இடைவெளியை நன்றாகக் கவனியுங்கள். ஜன்னல் நன்றாக இருக்கிறது, உள்ளே அறை இருட்டாகிவிடுகிறது. அதற்கு முக்கியக் காரணம், கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா). கீழே விவரமாக வருகிறது.

எல்லா இடத்திலும் ரோம் எண்கள் வருவதில்லை. இங்கிலாந்தில் பிரைட்டனில் 36 பேருக்குச் செய்து 2008இல் வெளியிட்ட பத்து வருஷ அனுபவத்தில் 72 சதவீதம் பேருக்குத்தான் தகடு நின்றிருந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்கள் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வையைப் பெற்றார்கள், அதாவது பேப்பர் படிக்கும் அளவு. தகடு போனவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் எலும்பு கரைந்ததுதான்.

எலும்பு ஏன் கரைகிறது?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. தகடு ஆரம்பத்திலேயே மெலிதாக அமைந்திருக்கலாம். ஈறு நோய் இருந்த பல்லாக இருந்திருக்கலாம். மேலே மூடியிருக்கும் சவ்வில் புண் வந்து எலும்பு வெளியே தெரிந்து, அந்த இடத்தில் கிருமி தொற்றியிருக்கலாம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் போன்ற நோய்களில் கண்ணைச் சுற்றி அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டே இருக்கும், அதுவும் எலும்பை அரிக்கும். சொந்தப் பல் இல்லாமல் இன்னொருவர் பல்லை வைத்திருந்தால் கரைவது வேகமாக நடக்கும்.

கரைவது பெரும்பாலும் விளிம்பிலிருந்து ஆரம்பிக்கிறது. வலி கிடையாது. பார்வையும் முதலில் குறையாது. உருளையைப் பிடித்திருக்கும் பகுதி கடைசியில்தான் பாதிக்கப்படும் என்பதால், நோயாளி "எனக்கு நல்லாத் தெரியுதே, எதுக்கு ஸ்கேன்?" என்று கேட்கும் காலத்திலேயே தகட்டில் பாதி போயிருக்கலாம். டாக்டர்கள் பயப்படுவது இந்த அமைதிக்குத்தான்.

கரைகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாக்டர் ஒவ்வொரு வருகையிலும் சவ்வின் மேலாகத் தகட்டின் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். முன்பு கையில் தட்டுப்பட்ட விளிம்பு இப்போது தட்டுப்படவில்லை என்றால் சந்தேகம். ஆனால் தடவிப் பார்ப்பது முழு விவரம் சொல்லாது. சி.டி. ஸ்கேன்தான் தகட்டின் நீள அகலத்தையும் கனத்தையும் அளந்து காட்டும். ஆபரேஷன் முடிந்த கொஞ்ச நாளில் ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பின்னால் எடுப்பதை எல்லாம் அதோடு ஒப்பிடுவார்கள். அதனால் பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கைத் தொலைத்துவிடாதீர்கள். அறிக்கைத் தாளைவிடப் படங்கள் முக்கியம்.

வீட்டில் நீங்கள் கவனிக்கக்கூடியவையும் உண்டு. கண்ணாடிப் பவர் காரணமில்லாமல் மாறுவது, உருளை ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிவது, உருளை முன்பைவிட வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வருஷமாக ஒரு சொட்டுக் கண்ணீர் வராத கண்ணில் திடீரென்று தண்ணீர் வடிந்தால், "கண்ணீர் சுரக்க ஆரம்பிச்சிடுச்சு" என்று சந்தோஷப்படாதீர்கள். கண்ணுக்கு உள்ளே இருக்கும் நீர் உருளையின் ஓரமாகக் கசிகிறது என்றே முதலில் எண்ண வேண்டும். உள்ளிருந்து நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய விஷயம் இது.

கரைய ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள். இனி என்ன?

எவ்வளவு என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் என்றால் அழற்சியையும் தொற்றையும் கட்டுப்படுத்தி, ஸ்கேனை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்கள். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளைச் சில மையங்கள் கொடுத்துப் பார்க்கின்றன. சென்னையில் தகட்டின் எலும்பை முன்கூட்டியே தடிமனாக்க எலும்பு வளர்ச்சிப் புரதம் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். உறுதியான மருந்து என்று எதையும் இப்போதைக்குச் சொல்வதற்கில்லை.

உருளை ஆடும் அளவுக்குப் போய்விட்டால் தகட்டை எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். நோயாளிக்கு இது ஜீரணிக்க முடியாத பேச்சு என்று தெரியும். இன்றைக்கும் கொஞ்சம் தெரிகிற கண்ணிலிருந்து எப்படி எடுக்கச் சொல்வது? ஆனால் தானாக விழும் வரை காத்திருந்தால் உள்ளே சீழ் பிடித்துக் கண்ணே போய்விடும். எடுத்துவிட்டு, தானக் கருவிழியால் துளையை மூடிக் கண்ணைக் காப்பாற்றி வைத்தால், இன்னொரு கோரைப்பல் இருப்பவருக்கு மறுபடி முயற்சி செய்ய இடம் இருக்கும்.

கண் நீர் அழுத்தம்தான் பெரிய பிரச்சினை என்கிறார்களே, ஏன்?

மூன்று காரணம் உண்டு. முதலாவது, இப்படிப்பட்ட கண்களில் பலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே அழுத்தம் இருந்திருக்கும். ஆசிட், சுண்ணாம்பு பட்ட கண்ணில் நீர் வடியும் பாதை வெந்துபோயிருக்கும். விழி வெள்ளையாக மூடியிருந்ததால் நரம்பு எவ்வளவு கெட்டது என்று யாராலும் உள்ளே பார்த்திருக்க முடியாது. ஆபரேஷன் முடிந்து ஜன்னல் திறந்த பிறகுதான் தெரியவரும்.

இரண்டாவது, அழுத்தத்தை அளக்க முடியாது. சாதாரணமாகக் கண்ணில் வைத்து அளக்கும் கருவியோ காற்றடிக்கும் மெஷினோ இங்கே வேலை செய்யாது. மேலே தடித்த சவ்வு, நடுவில் பல். டாக்டர் மேல் இமை வழியாக இரண்டு விரலால் அழுத்தி, கல் மாதிரி இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா என்று கணிப்பதுதான் வழி. இத்தனை மெஷின்கள் வந்த காலத்தில் விரல் நுனியை நம்பியிருக்கிறோம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் பார்ப்பது நல்லது என்று சொல்வேன். போன தடவை எப்படி இருந்தது என்பது அந்த விரலுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அதோடு எவ்வளவு பரப்பு தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப் புல சோதனையும், உருளை வழியாக நரம்பைப் போட்டோ எடுத்து ஒப்பிடுவதும் கட்டாயம்.

மூன்றாவது, சொட்டு மருந்து இறங்காது. தடித்த வாய்ச் சவ்வைத் தாண்டி உள்ளே போவது கடினம். அதனால் அசெட்டசோலமைடு மாத்திரை கொடுப்பார்கள். அது கை கால் மரமரப்பு, பசியின்மை, சிறுநீரகக் கல் என்று தொல்லை தரலாம். அது, ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயைத் தூண்டக்கூடிய சல்ஃபா வகையைச் சேர்ந்த மருந்து என்பதும் முக்கியம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்தவர்கள் எந்த மருந்தால் வந்தது என்று எழுதிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள், இந்த மாத்திரை எழுதும்போது நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

மாத்திரை போதாவிட்டால் வால்வு வைத்து நீரை வெளியே வடிப்பது, லேசரால் நீர் சுரக்கும் இடத்தைச் சுடுவது என்று அடுத்த கட்டங்கள் உண்டு. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான் இத்தனையும்.

உருளை மேல் சதை வளர்ந்து மூடுகிறதே?

வாய்ச் சவ்வு வாயில் இருப்பது போலவே இங்கேயும் வளரும். உருளையின் மேல் ஏறினால் டாக்டர் வெட்டிச் சரி செய்துவிடுவார், பெரிய விஷயம் இல்லை. வீட்டில் நீங்கள் கிள்ளவோ துடைத்து எடுக்கவோ வேண்டாம்.

இதற்கு நேர்மாறான சிக்கல்தான் கவலைக்குரியது. சவ்வு மெலிந்து புண்ணாகி, கீழே வெள்ளையாக எலும்பு தெரிவது. விட்டால் எலும்பு கரையும், தொற்று வரும். சிறியதாக இருந்தால் மருந்தில் ஆறும். இல்லாவிட்டால் புதிதாகச் சவ்வு எடுத்து ஒட்டுவார்கள்.

கண்ணுக்கு உள்ளே வேறு என்னென்ன வரலாம்?

உருளைக்குப் பின்னால் மெல்லிய சவ்வு படர்ந்து பார்வை மங்கலாம். மற்றச் செயற்கைக் கருவிழிகளைவிட இதில் குறைவு. விழித்திரை விலகலாம், அதற்கு வேறு சர்ஜன், வேறு ஆபரேஷன், குறுகிய உருளை வழியாக உள்ளே பார்த்துச் செய்ய வேண்டியிருப்பதால் கடினமும் அதிகம். எல்லாவற்றிலும் மோசமானது கண்ணுக்குள் சீழ் பிடிப்பது. வலி, சிவப்பு, பார்வை சட்டென்று குறைவது, சீழ் வடிவது இவற்றில் எது வந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. இருட்டில் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலும், திரை இறங்குவது போல ஒரு பக்கம் மறைந்தாலும் அப்படியே.

பார்வை நன்றாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் வருபவர் தெரிவதில்லை. இதுவும் சிக்கலா?

இல்லை. உருளை குறுகலானது, குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும். தலையைத் திருப்பிப் பார்த்துப் பழக வேண்டும். வெயில் கூசும், கறுப்புக் கண்ணாடி போடலாம். ஆனால் இருந்த பரப்பு முன்பைவிடச் சுருங்குகிறது என்று தோன்றினால் அது நீர் அழுத்தமாக இருக்கலாம்.

கண்ணாடியில் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறார் என் அண்ணி. என்ன சொல்வது?

இளஞ்சிவப்புச் சதையின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. முதலில் பார்க்கிறவர்கள் திடுக்கிடுவது உண்மைதான். ஆபரேஷனுக்கு முன்பே போட்டோ காட்டிச் சொல்லிவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. சில குடும்பங்களில் "பார்வை வந்தால் போதும்" என்று பெரியவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள், கண்ணாடியில் தினமும் பார்க்கப்போகிறவரைக் கேட்பதில்லை. விழி போல வண்ணம் தீட்டிய மெல்லிய ஓடு ஒன்றை மேலே போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது, சவ்வை உராயாமல் இருக்க வேண்டும். சர்ஜனைக் கேட்காமல் வாங்கிப் போட வேண்டாம்.

பல் எடுத்த வாயில் பின்னால் தொல்லை வருமா?

சிலருக்கு வரும். மேல் தாடையில் எடுக்கும்போது சைனஸ் அறை திறந்துவிடலாம், பக்கத்துப் பல் பாதிக்கப்படலாம், உதட்டோரம் மரத்துப்போகலாம். கன்னச் சவ்வு எடுத்த இடம் சுருங்கி வாய் திறப்பது குறையலாம். அதற்குத்தான் வாய்ப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். பல் போன இடத்தில் கட்டுப்பல் வைத்துக்கொள்ளலாம்.

வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. அதற்கும் கண்ணுக்கும் என்ன?

கண்ணின் மேல் இருப்பது உங்கள் கன்னச் சதை. பாக்கும் புகையிலையும் அந்தச் சதையைத் தடித்து விறைக்க வைக்கும். நல்ல சவ்வு எடுக்கவே கிடைக்காமல் போகலாம், பின்னால் ஒட்டுச் சவ்வு தேவைப்பட்டாலும் அதே கதைதான். பீடி, சிகரெட் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மீதமிருக்கும் கோரைப்பற்களை நன்றாகப் பராமரியுங்கள். அவை உங்கள் மாற்றுச் சாமான்.

பல்லே இல்லாதவருக்கு? அம்மா தன் பல்லைத் தரத் தயார்.

இன்னொருவர் பல்லை வைத்துச் செய்திருக்கிறார்கள். நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், எலும்பும் சீக்கிரம் கரைகிறது. அம்மாவின் மனசு பெரியது, ஆனால் முதல் தேர்வாக நான் அதைச் சொல்ல மாட்டேன். பார்சிலோனாவில் முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பை வைத்துச் செய்யும் முறை வளர்ந்தது. பல் தேவைப்படாத, வறண்ட கண்ணுக்கான செயற்கைக் கருவிழியும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் உருவாக்கப்பட்டிருக்கிறது. இவற்றில் எது பொருந்தும் என்பதைக் கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு கண்ணில் நன்றாக வந்துவிட்டது. அடுத்த கண்ணிலும் செய்துவிடலாமா?

பொதுவாகச் செய்வதில்லை. அடுத்த கண் கையிருப்பு. முதல் கண்ணில் ஏதாவது ஆனால் போக ஓர் இடம் வேண்டும்.

எத்தனை வருஷம் செக்கப்புக்கு வர வேண்டும்? ஊர் ரொம்ப தூரம்.

ஆயுள் முழுக்க. முதல் மாதங்களில் அடிக்கடி, அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறை, ஸ்கேன் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்று. இது சம்பிரதாயம் இல்லை. எலும்பு கரைவதும் நரம்பு கெடுவதும் இரண்டுமே சத்தம் போடாமல் நடப்பவை என்று மேலே பார்த்தோம். வலிக்கும்போது போனால் போதும் என்பவர்கள்தான் பார்வையை இழக்கிறார்கள். ஆபரேஷன் செலவைக் கணக்குப் போடும்போது பத்து வருஷ பஸ், ரயில் செலவையும், கூட வருபவரின் லீவையும் சேர்த்துப் போடுங்கள். அது முடியாது என்று தோன்றினால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

நடுராத்திரி ஏதாவது ஆனால் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

போகலாம், போக வேண்டும். ஆனால் அங்கே இருப்பவர் இப்படிப்பட்ட கண்ணை முன்பின் பார்த்திராமல் இருக்கலாம். சதை வளர்ந்திருக்கிறது என்று நினைத்து வெட்டப் பார்ப்பார், அல்லது கட்டி என்று நினைப்பார். உங்கள் கண் நன்றாக இருக்கும்போது எடுத்த தெளிவான போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் படம், ஒவ்வாத மருந்துகளின் பட்டியல், உங்கள் சர்ஜனின் ஆஸ்பத்திரி அவசர எண் ஆகியவையும் அதே இடத்தில். வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் உங்களால் போனைப் பார்க்க முடியாமல் இருக்கலாம்.